பழைய கணினிக்கு ஏற்ற லினக்ஸ் எது?

பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய கணினியில்தான் நம்மில் பலர் இன்றும் இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்துகிறோம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11 கோரும் செயலியோ பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் கடவுச்சொல்லைத் தட்டுவது, பூட்டுப் பழுதான பெட்டியில் நகையை வைப்பதற்கு ஒப்பாகும். இந்நிலையில், கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் நமக்குக் கைகொடுக்கிறது.

லினக்ஸில் வகைகள் பல உண்டு. தேர்வுக்கு முதல் அளவுகோல் ரேம் எனப்படும் நினைவகம். 4 ஜிபி இருந்தால், லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு புதியவர்களுக்கு ஏற்றது; அதன் பட்டியலும் பணிப்பட்டையும் விண்டோஸில் பழகிய கைக்கு அந்நியமாகத் தோன்றா. 2 ஜிபி மட்டுமே இருந்தால் லுபுண்டுவை முயலலாம். அதனினும் குறைந்தால் பப்பி லினக்ஸ், ஆன்டிஎக்ஸ் ஆகியவை உள்ளன.

ஆயினும், மிகச் சிறியதே மிகச் சிறந்தது என்று நாம் முடிவு செய்துவிடலாகாது. இயங்குதளம் சிறியதாயினும், வங்கியின் பக்கத்தைத் திறக்கும் உலாவி மிகுந்த நினைவகத்தைக் கேட்கும். அவ்வுலாவி புதுப்பிக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். 32 பிட் லினக்ஸ் கணினிகளுக்கான குரோம் உலாவி 2016-லேயே நிறுத்தப்பட்டது. அத்தகைய கணினியைக் கடிதம் எழுதவும் பாட்டுக் கேட்கவும் வைத்துக்கொள்வோம். பணப் பரிமாற்றத்துக்கு வேண்டாம்.

நிறுவுமுன் சோதித்துப் பார்க்கும் வசதியும் உண்டு. உரிய அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து மட்டுமே கோப்பைப் பதிவிறக்கி, பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கலாம். வைஃபை, அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு ஆகியவை சரிவர இயங்குகின்றனவா என்று பார்ப்போம். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள்களும் மின்னணுக் கையொப்பச் சாதனங்கள் சிலவும் இதில் இயங்காமற் போகலாம். தொழில் நடத்துவோர் இதை முன்னரே உறுதி செய்துகொள்ளல் நலம். வன்தட்டு முழுவதிலும் நிறுவினால் பழைய கோப்புகள் அழிந்துவிடும் என்பதால், அவற்றை வேறொரு வட்டில் படியெடுத்த பின்னரே நிறுவ வேண்டும்.

நிறுவிய பின் புதுப்பித்தல்களைத் தவறாது ஏற்பது நம் பொறுப்பு. தொலைபேசியில் கேட்பவரிடம் நாமே ஒருமுறைக் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டால், எந்த இயங்குதளமும் நம் சேமிப்பைக் காக்க இயலாது.