வந்ததை எல்லாம் தட்டி விடாதே, தம்பி!

செல்போன் வதந்தியால் மூதாட்டி பலி; கண்ணூர் பள்ளிக்கூடங்கள் நடத்திய பாடம்

குலதெய்வம் கும்பிடப் புறப்பட்ட மூதாட்டி அவர். சென்னைக்காரர். வயது 65.

2018-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி உறவினர்களுடன் காரில் போனார். மலேசியாவில் இருந்து வந்திருந்த சொந்தக்காரர்களும் கூட இருந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர் பக்கம், கோவிலுக்கு வழி கேட்க காரை நிறுத்தினார்கள்.

அங்கே நின்ற குழந்தைகளுக்கு ஆசையாக சாக்லேட் கொடுத்தார்கள்.

அவ்வளவுதான்! "பிள்ளை பிடிக்கிற கும்பல்" என்று சந்தேகம் கிளம்பியது. ஊர் திரண்டது. காரைக் கவிழ்த்தார்கள். வந்தவர்களை அடித்து நொறுக்கினார்கள். மூதாட்டி இறந்தார். மற்றவர்கள் படுகாயம் அடைந்தனர்.

பீதி

ஊர்க்காரர்கள் கண்ணை மறைத்தது எது? அதற்கு முந்தைய நாட்களில் செல்போன் செல்போனாகப் பரவிய புரளி!

"வட மாநிலக் கும்பல் இறங்கி இருக்கிறது, குழந்தைகளைத் தூக்குகிறார்கள், உஷார்" என்று குரல் பதிவுகளும் வீடியோக்களும் வாட்ஸ்அப்பில் பறந்தன. பழவேற்காட்டிலும் அதே மாதம் ஊர் பேர் தெரியாத ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார்.

அடித்தவர்கள் பலர் கைதானார்கள். வதந்தி பரப்பியதாகச் சிலர் பிடிபட்டனர். ஆனால், "யாரோ அனுப்புனாங்க, நானும் அனுப்புனேன்" என்று கை கழுவிக்கொண்டவர்கள் எத்தனை ஆயிரமோ!

கத்தரித்த வீடியோ

அந்த ஆண்டு இந்தியா முழுவதும் சுற்றிய ஒரு வீடியோவைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் வரும் 2 பேர், தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்தவர்களுக்குப் பதறியது.

உண்மையில் அது பாகிஸ்தானில், கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திரும்பக் கொண்டு வந்து விட்டுவிடுவார்கள். "குழந்தையைத் தூக்க ஒரு நொடி போதும், கவனம்" என்பதுதான் படத்தின் கருத்து. அந்தக் கடைசிக் காட்சியை யாரோ கத்தரித்து விட்டார்கள். நல்லதுக்கு எடுத்த படம் நஞ்சாகி விட்டது.

கண்ணூர் பாடம்

கேரளாவில் கண்ணூர் மாவட்டம் வேறு வழியில் யோசித்தது.

அங்கே 2017-ம் ஆண்டு தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட வந்தபோது, ஊசியைப் பற்றி வாட்ஸ்அப்பில் புரளி கிளம்பியது. பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போட விடவில்லை.

அப்போது கலெக்டராக இருந்தவர் மீர் முகமது அலி. பெரியவர்களுக்குப் புத்தி சொல்வதை விட, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் வீட்டுக்கே போய்ச் சேரும் என்று திட்டம் போட்டார். "சத்யமேவ ஜெயதே" என்று பெயர் வைத்து, 2018-ல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் வகுப்பு நடத்தினார்கள். பொய்ச் செய்தியை எப்படி மோப்பம் பிடிப்பது என்பதுதான் பாடம்.

கணக்குச் சரிதான். இன்றைக்கு வீட்டில் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் செல்போனைச் சொல்லிக் கொடுப்பது யார்? பத்தாவது படிக்கிற பையனும் பொண்ணும்தானே!

2024-ல் கேரளா 5, 7-ம் வகுப்பு கம்ப்யூட்டர் பாடப் புத்தகத்திலேயே இதைச் சேர்த்து விட்டது.

4 கேள்வி

பாடம் ஒன்றும் கஷ்டம் இல்லை. அனுப்பும் பட்டனைத் தட்டும் முன்னால் 4 கேள்வி கேட்டால் போதும்.

1. அனுப்பியவர் நேரில் பார்த்தாரா? அல்லது அவருக்கும் யாரோ அனுப்பியதா?

2. எந்த ஊர், எந்தத் தேதி என்று இருக்கிறதா? "நேற்று நடந்தது" என்று மட்டும் இருந்தால், அந்த "நேற்று" 5 வருஷத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம்.

3. படம் பழசா? கூகுள் லென்சில் போட்டால், அதே படம் முன்பு எங்கே வந்தது என்று பெரும்பாலும் காட்டிக் கொடுத்து விடும்.

4. கோபம் வருகிறதா, பயம் வருகிறதா? அப்படியானால் 10 நிமிடம் பொறுக்க வேண்டும். அவசரப்படுத்துவதுதான் புரளியின் வேலை.

வாட்ஸ்அப்பும் கடிவாளம் போட்டது. 2018 ஜூலையில், வந்த தகவலை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் செய்தது. 2020 ஏப்ரல் முதல், பலமுறை கை மாறிய தகவலை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். அதில் இரட்டை அம்புக்குறி இருக்கும். அதைக் கண்டால் உஷார்!

ஜெயில்

"நான் எழுதலையே, அனுப்பத்தானே செஞ்சேன்" என்று தப்பிக்க முடியாது. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 353-வது பிரிவு, மக்களிடையே பீதியையோ கலகத்தையோ கிளப்பும் பொய்த் தகவலைப் பரப்பினால் 3 ஆண்டு வரை ஜெயில் என்கிறது. செல்போனில் பரப்பினாலும் அதே கதிதான்.

தெருவில் உண்மையிலேயே சந்தேகப்படும்படி யாராவது நின்றால் போலீசுக்கு 112, குழந்தைகள் விஷயம் என்றால் 1098. போன் போட்டுச் சொன்னால் அவர்கள் வந்து விசாரிப்பார்கள். குழுவில் போட்டு ஊரைக் கூட்டக் கூடாது.