அழைப்பு வராத ஆறு மணி நேரம்

ஸ்லோவேனியாவில் மலை உச்சி ஒலிபரப்புக் கோபுரங்களைப் பராமரித்துவந்த டெக்னீஷியன் ஒருவர், தான் வேலை செய்யாமல் காத்திருந்த நேரத்துக்கு ஓவர்டைம் சம்பளம் கேட்டு, அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் சிரிக்காமலேயே தள்ளுபடி செய்தன. விடாமல் அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போக, அது தன் சந்தேகத்தை லக்ஸம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தது. 2021 மார்ச் 9 அன்று அதன் பெரிய அமர்வு தீர்ப்பளித்தது. லிஃப்ட் மெக்கானிக், பம்ப் ஆபரேட்டர், மருத்துவமனை எலெக்ட்ரீஷியன் என்று, ‘கூப்பிட்டால் உடனே வரணும்’ என்ற நிபந்தனையோடு வீட்டுக்குப் போகிற யாருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தத் தீர்ப்பு பொருந்தும்.

அவருடைய ஒரு நாளைக் கூட்டிப் பார்த்தால் விவகாரம் விளங்கும். முதலில் போஹோர்யே மலையிலும், பிறகு கிர்வாவெட்ஸ் மலையிலும் வேலை. 2008 ஆகஸ்டில் சேர்ந்தவர் 2015 ஜனவரி வரை இருந்தார். ஒரு கோபுரம் அவர் வீட்டிலிருந்து வெகு தூரம். வானிலை நன்றாக இருக்கும் நாளில்கூடத் தினமும் போய்வர முடியாது. அதனால் கோபுரக் கட்டடத்திலேயே நிறுவனம் தங்க இடம் கொடுத்திருந்தது. இரண்டு டெக்னீஷியன்கள், இரண்டு ஷிஃப்ட். ஒருவருக்குக் காலை 6 முதல் மாலை 6 வரை. இன்னொருவருக்குப் பகல் 12 முதல் நள்ளிரவு 12 வரை. நம்மவருக்குப் பெரும்பாலும் இரண்டாவது ஷிஃப்ட்தான். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டு. நள்ளிரவு முதல் காலை 6 வரை ஓய்வு, அதற்குக் காசு கிடையாது. காலை 6 முதல் பகல் 12 வரையிலான ஆறு மணி நேரம்தான் சிக்கல். அப்போது அவர் கோபுரத்தை விட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். போனில் கிடைக்க வேண்டும். அழைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும். அதுவும் அவசரப் பழுதுக்கு மட்டும்தான், மற்றவை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஆறு மணி நேரத்துக்கு அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் படி. அழைத்து வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு வழக்கமான சம்பளம்.

அவர் கேட்டது எளிமையான கேள்வி. மலை உச்சியில், வேலை செய்யும் கட்டடத்திலேயே படுத்து எழுகிறேன். போவதற்கு இடமில்லை, பொழுதுபோக்க வழியில்லை. இருபத்துநாலு மணி நேரமும் உங்கள் இடத்தில்தான் இருக்கிறேன். அப்புறம் எப்படி இது என் சொந்த நேரம்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலைநேரச் சட்டத்தில் இரண்டே இரண்டு கணக்குகள்தான்: ஒன்று வேலை நேரம், மற்றது ஓய்வு நேரம். நடுவில் மூன்றாவது எதுவும் இல்லை. வாரத்துக்குச் சராசரியாக 48 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ச்சியாக 11 மணி நேரம் ஓய்வு வேண்டும். காத்திருப்பை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற சண்டை அங்கிருந்துதான் கிளம்புகிறது. மேலே சொன்ன ஆறு மணி நேரத்தை வேலை என்று எழுதினால் அந்த டெக்னீஷியனின் நாள் 18 மணி நேர வேலை நாளாகிவிடும், ஓய்வுக்கு மிஞ்சுவது ஆறு மணி நேரம். ஓய்வு என்று எழுதினால் 12 மணி நேர ஓய்வு கிடைத்துவிடுகிறது, சட்டப்படி குறை சொல்ல இடமில்லை. ஆறு மணி நேரத்துக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மொத்த ஷிஃப்ட் அட்டவணையும் நிற்கும் அல்லது விழும். முதலாளிகள் இதில் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார்கள் என்பதற்கு, சம்பளக் கணக்கைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

மருத்துவர்கள் ஏற்கெனவே ஒரு பாதை போட்டிருந்தார்கள். ஸ்பெயினின் வாலென்சியா பகுதி மருத்துவர்கள் தொடர்பான 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பில், சுகாதார நிலையத்திலேயே இருந்து காத்திருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரம் என்று முடிவானது. 2003இல் ஜெர்மனியின் கீல் நகர மருத்துவர் ஒருவரின் வழக்கில், மருத்துவமனை அறையில் தூங்கினால்கூட அது வேலை நேரம்தான் என்றானது. நானும் பணியிடத்தில்தானே தூங்குகிறேன் என்ற டெக்னீஷியனின் வாதம் இந்த வழியில் வந்தது.

நீதிமன்றம் அதை அப்படியே ஏற்கவில்லை. மருத்துவரை மருத்துவமனையை விட்டு நகராதே என்று முதலாளி கட்டிப்போட்டிருந்தார். இங்கே போகாதே என்று யாரும் சொல்லவில்லை. பணியிடத்தில் குடியிருப்பு இருப்பது மட்டுமே போதாது. முதலாளி விதித்த கட்டுப்பாடுகள், தொழிலாளி தன் நேரத்தைத் தன் இஷ்டப்படி செலவழிக்கும் திறனைக் கண்கூடாகவும் மிகப் பெரிய அளவிலும் பாதிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அழைத்தால் எத்தனை நிமிடத்தில் வரவேண்டும், எத்தனை முறை அழைக்கிறார்கள், போய்ச்சேர வண்டி மாதிரி ஏதாவது வசதி கொடுத்திருக்கிறார்களா என்பவை கணக்கில் வரும். பக்கத்தில் சினிமா தியேட்டர் இல்லை, கடைத்தெரு இல்லை என்பது கணக்கில் வராது. அது இயற்கையின் வேலை, முதலாளி விதித்தது அல்ல என்றது நீதிமன்றம். இந்த அளவுகோலை வைத்து முடிவெடுக்கும் பொறுப்பை ஸ்லோவேனிய நீதிமன்றத்திடமே விட்டது.

இந்த இடம் எனக்கு உறுத்துகிறது. மலையை முதலாளி உண்டாக்கவில்லை, சரி. கோபுரத்தைக் கொண்டுபோய் அதன் தலையில் நட்டது யார்? அலைவரிசை நன்றாகப் போய்ச்சேர வேண்டும் என்று தேர்ந்தெடுத்த இடம் அது. அந்தத் தேர்வின் பலன் நிறுவனத்துக்கு, அசௌகரியம் மட்டும் இயற்கையின் கணக்கில் தொழிலாளிக்கு என்றால் எப்படி?

நிமிடக் கணக்குக்கு வருவோம். இதில் தீயணைப்பு வீரர்களின் வழக்குகள்தான் நல்ல பாடம். பெல்ஜியத்தின் நிவெல் நகரத் தீயணைப்பு வீரர் வீட்டில்தான் இருந்தார். எட்டு நிமிடத்துக்குள் நிலையத்துக்கு வர வேண்டும் என்பது விதி. எட்டு நிமிடக் கயிற்றில் கட்டப்பட்டவர் குழந்தையைப் பள்ளியில் விடவும் முடியாது, சந்தைக்குப் போகவும் முடியாது. அது வேலை நேரம் என்று 2018இல் தீர்ப்பு வந்தது. ஜெர்மனியின் ஆஃபன்பாக் நகரத் தீயணைப்பு அலுவலருக்கோ 20 நிமிடம். சீருடையோடு நகர எல்லைக்கு வந்துசேர வேண்டும், ஆனால் கையில் அரசு வண்டியும், சாலை விதிகளை மீறிப்போகும் சலுகையும் உண்டு. அந்த வழக்கிலும் ஸ்லோவேனியத் தீர்ப்பு வந்த அதே நாளில், அதே அளவுகோலே சொல்லப்பட்டது.

நிமிடம் மட்டும் பார்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் டப்ளின் வழக்கைப் படிக்க வேண்டும். அங்கே அழைத்த பத்து நிமிடத்துக்குள் வரவேண்டும், ஏறக்குறைய நிவெல் மாதிரிதான். ஆனால் அந்தப் பகுதிநேரத் தீயணைப்பு வீரர் காத்திருக்கும் நேரத்தில் சொந்தமாக டாக்ஸி ஓட்டினார், நிர்வாகத்தின் சம்மதத்தோடு. நான்கில் ஒரு பங்கு அழைப்புகளுக்குப் போகாமலும் இருக்கலாம். வேறு தொழில் செய்து சம்பாதிக்க முடிகிறபோது நேரம் பறிபோனது என்று எப்படிச் சொல்வது என்று 2021 நவம்பரில் நீதிமன்றம் கேட்டது. வேலை நேரம் என்ற கோரிக்கை அங்கே நிற்கவில்லை.

இத்தனை தீர்ப்புகளிலும் பணம் எங்கே? எங்கேயும் இல்லை. அந்த வேலைநேரச் சட்டம் ஊதியத்தைத் தொடுவதே இல்லை, விடுப்பு ஊதியம் ஒன்றைத் தவிர. காத்திருப்பு முழுவதும் வேலை நேரம் என்றே தீர்ப்பானாலும், அதற்கு முழுச் சம்பளமா, ஐந்தில் ஒரு பங்கா என்பதை உள்நாட்டுச் சட்டமும் தொழிற்சங்க ஒப்பந்தமும்தான் தீர்மானிக்கும். ஓவர்டைம் கேட்டு நீதிமன்றம் போனவருக்கு வேலை நேரத்தைப் பற்றிய பதில்தான் கிடைத்தது. சங்கக் கூட்டங்களில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது வாடிக்கை.

அமெரிக்காவில் நேர்மாறு, அங்கே சண்டையே சம்பளத்துக்குத்தான். டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் ஸ்விஃப்ட் இறைச்சி ஆலையில் ஏழு பேர், பகலில் தீயணைப்புக் கருவிகளைப் பராமரித்துவிட்டு, வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் ஆலைக்குள்ளேயே தங்கினார்கள். மணி அடித்தால் ஓட வேண்டும். ஓடினால் ஒரு தடவைக்கு 50 சென்ட், பிறகு 64 சென்ட். மணி அடிப்பதோ எப்போதாவதுதான். தங்கும் இடத்தில் நிறுவனம் குளிர்சாதனம், ரேடியோ, பில்லியர்ட்ஸ் மேசை, டாமினோ ஆட மேசை எல்லாம் வைத்திருந்தது. பில்லியர்ட்ஸ் ஆடுவதற்கா சம்பளம் என்று கீழ் நீதிமன்றங்கள் கையை விரித்தன. 1944 டிசம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதி ராபர்ட் ஜாக்சன் அதைத் திருப்பி அனுப்பினார்: காத்திருப்பது வேலையாக இருக்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை, ஒவ்வொரு ஏற்பாட்டையும் அதனதன் நிலைமையை வைத்துப் பார்க்க வேண்டும். ஊதியத் துறை நிர்வாகி முன்வைத்த யோசனை சுவாரசியமானது. தூங்கும் நேரத்தையும் சாப்பிடும் நேரத்தையும் கழித்துவிட்டு மீதியைக் கணக்கில் சேர்க்கலாம் என்றார் அவர்.

ஸ்லோவேனியத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. காத்திருப்பு நேரம் சட்டப்படி ஓய்வு என்றே வைத்துக்கொண்டாலும், அதை உடல்நலத்துக்கு ஆபத்தாகும் அளவுக்கு நீட்டவோ அடிக்கடி போடவோ முதலாளிக்கு உரிமை இல்லை. போன் எப்போது அடிக்குமோ என்ற நினைப்போடு நெடுநாள் இருப்பதே மனச்சுமை, தொழிலாளியின் உடல்நலத்தைக் காக்கும் கடமை தனியாக இருக்கிறது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனக்கு இதுதான் தீர்ப்பின் கனமான பகுதியாகப் படுகிறது. மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவரை வைத்து, வாரம் தவறாமல் அவர் எண்ணையே காவலாளியின் அறையில் ஒட்டிவைக்கும் நிறுவனங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். நள்ளிரவு இரண்டு மணிக்குப் பம்பைச் சரிசெய்துவிட்டுப் போனவர் காலை எட்டு மணி ஷிஃப்டுக்கு வரவேண்டுமா, அவர் ஊரில் இல்லாத வாரத்தில் யார் போனை எடுப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிவிட்டு, படி எத்தனை சதவீதம் என்று சங்கம் பேச உட்காரலாம்.