வேகம் எங்கே தடைபடுகிறது?

மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் 2005ஆம் ஆண்டு ஒரு விசித்திரமான விஷயத்தை எழுதினார். விண்டோஸ் நிலைகுலைந்து நிற்கும்போது கணினிகள் அந்த நிறுவனத்துக்கு அனுப்பும் அறிக்கைகளை அவருடைய சக ஊழியர் ஒருவர் அலசிக்கொண்டிருந்தார். அவற்றில் சில, பிராசசருக்குள் இருக்கும் ஒரு ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்கும் கட்டளையிலேயே நின்றுபோயிருந்தன. மெமரியைத் தொடாத, தவறுவதற்கு வழியே இல்லாத கட்டளை அது. கணினியின் சொந்தக்காரர்களிடம் விசாரித்தபோது பலருடையவை ஓவர்கிளாக் செய்யப்பட்டவை என்று தெரிந்தது. கடைக்காரரே வேகத்தைக் கூட்டி விற்றிருக்கிறார் என்பதுகூடச் சிலருக்குத் தெரியாது.

தயாரித்த நிறுவனம் குறித்துத் தந்த வேகத்துக்கு மேல் பிராசசரை ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங். 1998இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற மலிவான சிப் இதைப் பரவலாக்கியது. மதர்போர்டின் பஸ் வேகத்தை (பிராசசர் மற்ற பாகங்களோடு பேசும் பாதையின் வேகத்தை) 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினால் போதும், 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450இல் ஓடியது. எல்லாச் சிப்பும் அவ்வளவு சுலபத்தில் இணங்குவதில்லை. கணினியின் பயாஸ் அமைப்பில் வேகத்துக்கான எண்ணை மாற்ற ஒரு நிமிடம் போதும். ஓரிடத்தில் வேகம் நின்றுபோகும்போது தடுப்பது எது என்று கண்டுபிடிப்பதில்தான் மொத்த உழைப்பும் இருக்கிறது. அதைச் செய்யாமல் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம்.

2007இல் வந்து பல ஆண்டுகள் ஓவர்கிளாக்கர்களின் செல்லப்பிள்ளையாக இருந்த இன்டெல் கோர் 2 குவாட் க்யூ6600 இதற்கு நல்ல உதாரணம். பஸ் வேகம் 266 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 9, ஆக 2.4 கிகாஹெர்ட்ஸ். பெருக்கியை 9க்கு மேல் ஏற்ற முடியாதபடி இன்டெல் பூட்டியிருந்தது, குறைக்கத் தடையில்லை. அதனால் வேகம் வேண்டுமானால் பஸ்ஸைத்தான் கூட்ட வேண்டும். அதைக் கூட்டினாலோ மதர்போர்டின் சிப்செட்டும் மெமரியும் சேர்ந்தே வேகமெடுக்கும். ஒரே ஏரில் பூட்டிய மாடுகள் மாதிரி, களைத்துப்போன ஒன்று நின்றால் எல்லாமே நிற்கும். 400 மெகாஹெர்ட்ஸில், அதாவது 3.6 கிகாஹெர்ட்ஸில், கணினி உறைந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். நின்றது எந்த மாடு?

இங்கேதான் பூட்டப்படாத அந்தக் கீழ்ப்பக்கம் கைகொடுக்கிறது. பஸ்ஸை 400இலேயே வைத்துப் பெருக்கியை 6 ஆக்கினால் பிராசசர் பழையபடி 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மெமரியைப் பஸ்ஸோடு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வைத்தால், டிடிஆர்2-800 மெமரி தனக்குக் குறித்த வேகத்திலேயே ஓடும். இப்போது வழக்கத்துக்கு மீறி உழைப்பது முக்கியமாகச் சிப்செட்தான். இந்த நிலையிலும் பிழை வந்தால் முதலில் போர்டைத்தான் பார்க்க வேண்டும். பிழை வராவிட்டால் பெருக்கியை 7, 8 என்று படிப்படியாக ஏற்றி, எந்தப் படியில் தடுமாறுகிறது என்று பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற இந்த ஒழுங்கு தவறினால், எத்தனை மணி நேரச் சோதனையும் வீண்.

சோதனைக்குப் பெரும்பாலானோர் எடுப்பது பிரைம்95. ஜார்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கிய, பெரிய பகா எண்களைத் தேடும் கூட்டுமுயற்சிக்காக எழுதப்பட்ட நிரல் இது. சரியான விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளைக் கொடுத்துப் பிராசசரைச் சரிபார்க்கும். தப்பானால், ‘ரவுண்டிங் 0.5, எதிர்பார்த்தது 0.4க்குக் கீழே’ என்ற பொருளில் ஒரு வரி வந்து, தவறிய கோரின், அதாவது பிராசசருக்குள் தனித்துக் கணக்கிடும் அந்தப் பகுதியின், வேலை மட்டும் நின்றுவிடும். கணினி முழுதும் சாய்வதற்கு முன்பே கிடைக்கும் துப்பு என்பதால் இந்த வரி விலைமதிப்பற்றது. எப்போதும் ஒரே கோர் தோற்றால், அந்தக் கோர்தான் பலவீனமானது என்று சந்தேகிக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோர் தோற்றால் பார்வையை மெமரிப் பக்கமும் திருப்ப வேண்டும். பிராசசருக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்துக்குள்ளேயே அடங்கும் சிறிய கணக்குகள் பிராசசரை வாட்டும். பெரிய கணக்குகள் மெமரியையும் சேர்த்து இழுக்கும். முதலாவதில் தேறி இரண்டாவதில் தோற்றால், மெம்டெஸ்ட்86 கொண்டு மெமரியைத் தனியாகச் சோதிப்பது அடுத்த படி.

வோல்டேஜ் ஏற்றுவது ஏன் பலன் தருகிறது? ஒவ்வொரு கிளாக் துடிப்புக்குள்ளும் டிரான்சிஸ்டர்கள் நிலைமாறி முடித்திருக்க வேண்டும். துடிப்பு வேகமானால் அவகாசம் சுருங்குகிறது. வோல்டேஜ் கூடினால் அவை சீக்கிரம் நிலைமாறுகின்றன. ஆனால் செலவாகும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்திலும், வோல்டேஜோடு இருபடி விகிதத்திலும் ஏறுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 3.6க்குப் போய், வோல்டேஜை 1.25இலிருந்து 1.45 ஆக்கினால் வெப்பம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வேகத்தில் கிடைத்ததோ ஒன்றரை மடங்குதான்.

வெப்பம்தான் தடை என்றால் அதற்குத் தனி அடையாளம் உண்டு. சோதனை தொடங்கிய உடனே பிழை வராது. ஹீட்சிங்க் நன்றாகச் சூடேறி, கால் மணி அரை மணி கழித்து வரும். அல்லது பிழையே வராமல், பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அறையின் வெப்பமும் இதில் சேர்த்தி. டிசம்பர் இரவில் தேறிய செட்டிங், சென்னையின் மே மாத மதியத்தில் தோற்கலாம். சில சமயம் தடை சிப்பின் மூடிக்கு அடியிலேயே இருக்கும். 2012இல் வந்த ஐவி பிரிட்ஜ் வரிசையில், முந்தைய வரிசையில் உலோகப் பற்றாசு வைத்திருந்த இடத்தில் இன்டெல் தெர்மல் பேஸ்ட் வைத்தது. எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும் சூடு தங்கியது. ஆர்வலர்கள் உலோக மூடியையே பெயர்த்து, பேஸ்ட்டை மாற்றி, கணிசமாகச் சூட்டைக் குறைத்தார்கள்.

வெப்பத்தைப் போலவே வோல்டேஜும் ஏமாற்றும். பயாஸில் 1.40 வோல்ட் என்று வைத்தது, பளு ஏறும்போது பிராசசரை முழுதாக வந்து சேர்வதில்லை. வழியில் சற்றுக் குறைந்துவிடும். சிபியு-இசட் போன்ற நிரலில் பளுவின்போது காட்டும் எண்ணையே கணக்கில் கொள்ள வேண்டும். கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் ஒன்றாக உழைக்கும்போது மட்டும், நீலத்திரைகூட வராமல் கணினி சட்டென்று அணைந்தால் பவர் சப்ளையைப் பார்ப்பது நல்லது.

இவற்றில் மிக மோசமானது, எதுவும் நிற்காமல் விடை மட்டும் தப்பாவது. கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது ஒரு பிட் மாறிவிட்டால் அது தெரியவே வராது. பல மாதம் கழித்து, திறக்க முடியாத புகைப்படமாகத் தலைகாட்டும். 2011இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் வீட்டுக் கணினிகளின் தரவை ஆராய்ந்தபோது, ஓவர்கிளாக் செய்தவை கூடுதலாகப் பழுதாவது தெளிவாகத் தெரிந்தது. குடும்பப் படங்களும் கணக்குவழக்கும் உள்ள கணினியில், ஒரு ராத்திரி முழுக்கச் சோதிக்காமல் எந்த செட்டிங்கையும் நம்பக் கூடாது.

இன்றைய பிராசசர்கள் பளுவையும் சூட்டையும் பார்த்துத் தாங்களே வேகத்தை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்கின்றன. மனிதர் கூட்டுவதற்கு மிச்சம் குறைவு. அதனால் பலர் வேகத்துக்குப் பதில் வோல்டேஜைக் குறைத்துப் பார்க்கிறார்கள். ஏஎம்டியின் அண்மைய ரைசன் சிப்புகளில் கோர் கோராக இதைச் செய்யலாம். இங்கே நோயின் குறி தலைகீழாகிறது. எல்லாக் கோர்களும் உழைக்கும் கடும் சோதனையில் கணினி தேறிவிடும். சும்மா இணையம் பார்க்கும்போது நின்றுபோகும். பளு குறைவாக இருக்கையில்தான் தனி ஒரு கோர் தன் உச்ச வேகத்தைத் தொடுகிறது, குறைத்து வைத்த வோல்டேஜ் அங்கேதான் போதாமல் போகிறது. கோர்சைக்ளர் என்ற இலவச நிரல் இதற்கென்றே வந்தது. ஒரு கோருக்கு மட்டும் பிரைம்95 வேலையைக் கொடுத்து, சில நிமிடங்கள் கழித்து அடுத்ததற்கு மாற்றி, தோற்கும் கோரின் எண்ணைக் குறித்துவைக்கும். அந்த ஒரு கோருக்கு மட்டும் வோல்டேஜைச் சற்றுத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.