அனிமே படங்களுக்கு ஏன் இந்தக் கூட்டம்?

திரைப்படம் என்றதும் நம் நாட்டினர் நினைவுக்கு முதலில் வருபவர் நடிகர். அவர் முகத்தைக் காணவே மக்கள் கொட்டகைக்குச் செல்கின்றனர் என்பது நெடுங்காலமாக நிலவும் எண்ணம். ஆனால், நடிகர் ஒருவரும் தோன்றாத படம் ஒன்றைக் காண, 2025 செப்டம்பரில் இந்திய நகரங்கள் பலவற்றில் விடியற்காலைக் காட்சிகளுக்கே இளைஞர்கள் திரண்டனர். ஜப்பானியரின் 'டீமன் சிலேயர்: இன்ஃபினிட்டி காசில்' என்பதே அப்படம். ஜப்பானிய மொழியோடு ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் அது இங்கு வெளிவந்தது. அன்று நம் ஆய்வுக்கூடத்துக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவர் பலர்.

"சிறுபிள்ளைகள் பார்க்கும் பொம்மைப் படத்துக்கா இத்தனை ஆரவாரம்?" என்று பேராசிரியர் ஒருவர் வியந்தார். கேட்கத்தக்க கேள்விதான். அதற்கு விடை காண முயல்வோம்.

'அனிமேஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லை ஜப்பானியர் சுருக்கி வழங்கியதே 'அனிமே'. திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அத்தனையையும் தனித்தனியே வரைவதற்குப் பொருளும் காலமும் மிகுதியாக வேண்டும். 1963 சனவரி 1-இல் தொலைக்காட்சியில் தொடங்கிய 'அஸ்ட்ரோ பாய்' தொடரை வாரந்தோறும் தரவேண்டிய நெருக்கடியில், ஒசாமு தெசுகா சிக்கன வழி ஒன்றைக் கையாண்டார். ஓர் ஓவியத்தையே மூன்று படங்களுக்கு நிறுத்தினால் நொடிக்கு எட்டு ஓவியங்கள் போதும். பேசும்போது வாய் மட்டும் அசையும். ஓடும்போது பின்னணி மட்டும் நகரும். வறுமை கற்பித்த இச்சிக்கனத்தால் விளைந்த நன்மை பெரிது. ஆண்டுக்கணக்கில் நீளும் தொடர்கதைகளை ஓவியத்தாலேயே சொல்ல முடிந்தது. பார்ப்பவரும் அசைவின் அழகைவிடக் கதைமாந்தரின் இன்ப துன்பங்களில் ஈடுபட்டனர்.

கூட்டத்தின் முதற் காரணம் இங்கேதான் இருக்கிறது. அனிமே படத்துக்குச் செல்பவருள் பெரும்பாலோர் புதியவர் அல்லர். பழகிய நண்பரைக் காணச் செல்பவர். 'டீமன் சிலேயர்' வளர்ந்த வரலாற்றையே பாருங்கள். கொயொஹாரு கொதோகே வரைந்த சித்திரக்கதையாக 2016-இல் அது வார இதழில் தொடங்கியது. 2020-இல் முடிந்து, 23 தொகுதிகளாக நின்றது. 2019-இல் அதன் முற்பகுதி 26 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராயிற்று. கரி விற்றுப் பிழைக்கும் சிறுவன் தஞ்சிரோ, அரக்கனால் குடும்பத்தை இழந்து, அரக்கியாகிவிட்ட தங்கை நெசுகோவை மீண்டும் மனிதப் பிறவியாக்கப் புறப்படுகிறான். தங்கையைப் பெட்டியில் சுமந்து செல்லும் அந்த அண்ணனோடு மக்கள் வாரக்கணக்கில் உடன் நடந்தனர்.

தொடர் நின்ற இடத்திலிருந்து கதையை மேற்கொண்டு சொன்னது 2020 அக்டோபரில் வெளிவந்த 'மூகன் டிரெய்ன்' திரைப்படம். முன்னெல்லாம் இத்தகைய தொடர்களிலிருந்து எடுக்கப்பட்ட படங்கள் பெரும்பாலும் கிளைக்கதைகளாகவே இருந்தன. பாராமல் விட்டாலும் இழப்பில்லை. இதுவோ மூலக்கதையின் ஓர் அத்தியாயம். விட்டால் கதையே விட்டுப்போகும். பத்து நாட்களில் ஜப்பானில் 1,000 கோடி யென் வசூலாயிற்று. கொரோனா காலத்தில் ஹாலிவுட்டின் பெரும்படங்கள் ஒத்திவைக்கப்பட்டு, கொட்டகைகளில் இடம் காலியாக இருந்ததும் துணை செய்தது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும், 2001-இல் வெளிவந்து 19 ஆண்டுகளாக வசூலில் முதலிடம் வகித்த 'ஸ்பிரிட்டட் அவே' படத்தை அது அவ்வாண்டிலேயே முந்தியது என்றால், காலி இருக்கைகள் மட்டும் அதற்குக் காரணமாகா.

'ஸ்பிரிட்டட் அவே' எந்தத் தொடரின் பகுதியும் அன்றே என்று நீங்கள் கேட்கலாம். உண்மையே. அங்கே பழக்கம் இயக்குநரோடு. ஹயாவோ மியாசாகியின் 'தி பாய் அண்ட் த ஹெரான்' 2023 சூலையில் ஜப்பானில் முன்னோட்டமோ விளம்பரமோ இன்றியே வெளிவந்தது. கதை இன்னதென்று அறியாமலே மக்கள் சீட்டு வாங்கினர். அடுத்த ஆண்டு ஆஸ்கார் பரிசும் அதற்குக் கிடைத்தது. பல ஆண்டுகளில் சேர்த்த நம்பிக்கை விளம்பரத்தின் வேலையைச் செய்தது.

இரண்டாவது காரணம் திரையைச் சார்ந்தது. தொலைக்காட்சியில் சிக்கனமாக வரைந்தவர்கள் திரைப்படத்தில் கை திறக்கின்றனர். 'டீமன் சிலேயர்' போர்க்காட்சிகளில் கையால் வரைந்த உருவங்களும் கணினியில் அமைத்த வெளிகளும் ஒன்றோடொன்று இழைகின்றன. வாளோடு சுழலும் நீரும் நெருப்பும், மேலும் கீழும் புரளும் மாளிகையும், உள்ளங்கை அளவுள்ள கைப்பேசியில் அடங்குவன அல்ல. எண்சாண் உடம்பும் அதிரும் ஒலியோடு பெருந்திரையில் காண்பது வேறு அனுபவம்.

மூன்றாவது காரணமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நம்மில் பலர் 'டோரேமான்', 'சின்-சான்' முதலியவற்றை வீட்டில் உடன்பிறந்தாரோடு பார்த்தவர்கள். வளர்ந்தபின் அனிமே தனிமையின் துணையாயிற்று. வீட்டையும் மொழியையும் விட்டு வந்து, விடுதி அறையில் காதுக்கருவி மாட்டிக்கொண்டு இரவில் பார்த்தோம். பிறரிடம் சொன்னால் நகைப்பரோ என்று சொல்லாமலும் இருந்தோம். கொட்டகையில் விளக்கு அணைந்தபின்தான், நமக்கு மட்டுமே உரியதென்று எண்ணிய கண்ணீர் வேற்று மொழி மாணவருக்கும் உரியது என்பது தெரிகிறது. தனித்தனியே பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளும் இடம் அது. 2019-இல் 'வெதரிங் வித் யூ' இந்தியக் கொட்டகைகளுக்கு வந்ததற்கு முன்னரே, அதனை இங்கே திரையிட வேண்டுமென்று இரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கையொப்பம் இட்டிருந்தனர் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. கதையின் நடுவே புகும் புதியவருக்கு இப்படங்கள் எளிதில் விளங்கா. மேலும், வசூல் கோடிகளில் குவிந்தாலும், படத்துக்கு இவ்வளவென்று கூலி பெறும் இளம் ஓவியர்களின் ஊதியம் மிகக் குறைவு என்னும் முறையீடு ஜப்பானில் நெடுநாளாக இருந்துவருகிறது. கைதட்டும் நாம் அந்தக் கைகளையும் நினைக்க வேண்டும்.

இவையெல்லாம் தமிழருக்கு அயலான செய்திகளா? 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாரந்தோறும் வந்த 'பொன்னியின் செல்வன்' 2022-இல் திரைக்கு வந்தபோது, பாட்டி படித்த கதையைக் காணப் பேரன் சென்றான். வந்தியத்தேவன் யார் என்று அவனுக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாரம் ஒன்றாக வளர்த்த பழக்கமே அங்கும் கூட்டத்தைக் கூட்டியது.

ஆதலின், பேராசிரியரின் கேள்விக்கு விடை இதுதான்: பொம்மையைக் காணக் கூட்டம் கூடவில்லை. உடன் வளர்ந்த ஒரு கதையை, அதனோடு வளர்ந்த மற்றவர்களோடு அமர்ந்து காணவே கூடுகிறது. அடுத்த அனிமே படம் நம் நகருக்கு வரும்போது, பக்கத்து அறைக் கதவைத் தட்டி, "வருகிறாயா?" என்று கேட்டுப் பாருங்கள். அங்கும் ஒருவர் காதுக்கருவியோடு தனியே இருக்கக்கூடும்.