முப்பது பஸ்கி எடுப்பவருக்கு மூன்று தண்டால்தானா?

“வைத்தியரய்யா, பஸ்கி முப்பது எடுக்கிறேன். தண்டால் மூணுக்கு மேல வரலை. வயசாயிடுச்சு, விட்டுடலாமா?”

அல்லிநகரத்தில் என்னிடம் வந்த ஐம்பது வயதுக்காரர் கேட்டார். சர்க்கரை நோயாளி.

“விடவே கூடாது!” என்றேன். ரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைகள்தான். தசை தேய்ந்தால் சர்க்கரையை அடக்குவது கஷ்டம்.

சரி, எண்ணிக்கை ஏன் இப்படி மாறுகிறது?

முதல் காரணம், சுமை. நம் தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் பார்த்திருப்பீர்கள். அதை ஒரு தடவை தூக்கித் தோளுக்கு மேல் போட்டாலே வீரன். கர்லாக்கட்டையை மட்டும் நிறைய தடவை சுற்றுகிறோமே, எப்படி? சுமை குறைவு, அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை 40 கிலோ தூக்க முடிந்தவர், 34 கிலோவை ஏறக்குறைய 6 தடவையும், 30 கிலோவைச் சுமார் 10 தடவையும் தூக்கலாம். இது உத்தேசக் கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும்.

இரண்டாவது காரணம், எந்தத் தசை வேலை செய்கிறது என்பது. பஸ்கிக்குத் தொடையும் பிட்டமும். உடம்பிலேயே பெரிய தசைகள். தண்டாலுக்கு மார்பும் தோளும் கையும். அவரவர் உச்ச பலத்தில் அதே அறுபது சதவீதச் சுமையைக் கொடுத்தாலும், பொதுவாகக் கால்தான் அதிக தடவை தாங்கும். ஆகவே முப்பதையும் மூன்றையும் ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம்.

60 கிலோ எடையுள்ளவர் தரையில் தண்டால் எடுத்தால் கைகளில் விழுவது சுமார் 38 கிலோ. முழங்காலை ஊன்றினால் ஏறக்குறைய 30. இரண்டடி உயர மேசையில் கையை ஊன்றினால் 25 கிலோதான்!

மேசையில் தொடங்கச் சொன்னேன். நீங்களும் 8 முதல் 12 தடவை வரக்கூடிய சுமையைத் தேர்ந்தெடுங்கள். ‘இன்னும் ரெண்டு எடுக்கலாம்’ என்னும்போதே நிறுத்துங்கள். பன்னிரண்டு சுலபமானதும் சுமையைக் கூட்டுங்கள். வாரம் இரண்டு நாள், இடையில் ஓய்வு. மூச்சை அடக்காதீர்கள்.

இதய நோய், ரத்தக் கொதிப்பு, கண் விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே ஆரம்பிக்கவும். சர்க்கரை மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கையில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும்.

மூன்று மாதம் கழித்து அவர் வந்தார். “தரையிலேயே எட்டு வருதுங்க ஐயா!”

வயசு அப்படியேதான் இருந்தது. சுமையைத்தான் மாற்றினோம்.