முக்குளிப்பவரின் மிதவை

ஓடும் ஆற்றில் காய்ந்த இலை ஒன்று மிதந்து போவதைக் கவனித்திருப்பீர்கள். ஆறு எவ்வளவு விரைவாக ஓடினாலும் இலை ஆடாமல் அசையாமல் நீரோடு போகிறது. அதே இலை ஒரு கல்லில் தடுக்கி நின்றால்? உடனே நீர் அதன்மேல் மோதுகிறது, புரட்டுகிறது, கிழிக்கிறது. ஆற்றின் வேகம் கூடவில்லை. இலை நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ரெயின்போ ஆறு என்று ஓர் ஆறு உண்டு. ஊற்றுகளில் பிறந்து, சுமார் 9 கிலோமீட்டர் ஓடி, வித்லகூச்சி என்னும் ஆற்றில் கலக்கிறது. ஊற்று நீர் ஆதலால் கண்ணாடிபோல் தெளிவானது. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 23 டிகிரி செல்சியஸ் வெப்பம் கொண்டது. காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு இங்கே முக்குளிப்பவர்கள் பாடுபட்டு நீந்துவதில்லை. அந்த இலையைப் போல நீரோடு போகிறார்கள். ஆற்றின் மேற்பகுதியில் இறங்குவார்கள்; கீழே வெகுதூரம் தள்ளிக் கரையேறுவார்கள்.

அப்படியானால் செருப்பு, குடிநீர், மாற்று உடை, முதலுதவிப் பெட்டி இவையெல்லாம் எங்கே இருக்கும்? இறங்கிய கரையில் வைத்துவிட்டால் அவற்றுக்காகத் திரும்பி நடக்க வேண்டும். ஆகவே அவற்றை ஒரு மிதவையில் ஏற்றி, கயிற்றால் பிடித்துக் கூடவே கொண்டுபோகிறார்கள். சிவப்புத் துணியில் வெள்ளைக் கோடு குறுக்காக ஓடும் எச்சரிக்கைக் கொடியையும் அதுதான் சுமக்கிறது. ஆற்றில் முக்குளிப்பவர் அந்தக் கொடியிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க முயல வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். நீருக்கு அடியில் ஆள் இருப்பது படகோட்டிக்கு வேறு எப்படித் தெரியும்? துணையின்றி முக்குளிப்பது தனிப் பயிற்சி பெற்ற பெரியவர்களுக்கே உரியது. அவர்களுக்கும் ஆபத்தானதுதான்.

மிதவையை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் ஆர்க்கிமிடீசைக் கேட்போம். மிதவையின் எடை 3 கிலோ, சாமான்கள் 8 கிலோ என்றால் அது 11 லிட்டர் நீரை விலக்கினால் போதும், மிதந்துவிடும். 60 லிட்டர் கொள்ளும் காற்றுக்குழாய் தாராளம். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். காற்று நிறைந்த ஓர் அலுமினிய உருளை கரையில் சுமார் 17 கிலோ இருக்கும். அதை மிதவையின் மேலே வைத்தால் 17 கிலோவும் சுமைதான். நீருக்குள் தொங்கவிட்டால் சுமை சுமார் 1 கிலோவாகக் குறைந்துவிடுகிறது! மீதியை ஆறே தாங்கிக்கொள்கிறது.

கனமானவை கீழே இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. மூடிய காலிப் புட்டி ஒன்றில் ஈர்க்குச்சியும் காகிதக் கொடியும் ஒட்டி வாளி நீரில் விடுங்கள்; கவிழ்ந்து படுத்துவிடும். உள்ளே கொஞ்சம் மணல் போட்டு விடுங்கள், கொடி நிமிர்ந்து நிற்கும். ஈர்ப்பு மையம் கீழே இறங்கியதுதான் காரணம்.

லாரி டயரின் உட்குழாயே மலிவாகக் கிடைக்கிறதே, அதில் ஒரு வலையைக் கட்டினால் போதாதா என்று கேட்கலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். 40 டிகிரி வெயிலில் காற்றடைத்து 23 டிகிரி நீரில் விட்டால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து, அழுத்தம் இருபதில் ஒரு பங்கு குறைந்து, குழாய் சற்றே தொய்யும். முள் குத்தினால் கதை முடிந்தது. ஆயினும் இவை சிறிய குறைகளே. பெரிய குறையை அறிய அந்த இலையிடம் திரும்ப வேண்டும்.

மிதவையும் மனிதரும் நீரோடு சேர்ந்து போகும்வரை கயிற்றில் இழுப்பு மிகக் குறைவு. மேல்மட்ட நீர் அடிமட்ட நீரைவிடச் சற்று விரைவாக ஓடுவதால் மிதவை லேசாக முன்னே இழுக்கும். காற்று வீசினால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். இப்போது முக்குளிப்பவர் ஆமை ஒன்றைப் பார்க்க ஒரு பாறையைப் பிடித்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீரின் வேகம் நொடிக்கு 1 மீட்டர். தோராயமாகக் கணக்கிட்டால், அகன்ற டயர் குழாய் அவர் கையை 5 கிலோ எடையளவு இழுக்கும். கூர்மூக்குடைய ஒல்லியான மிதவை 1 கிலோகூட இழுக்காது. வேகம் இரட்டித்தாலோ இழுப்பு நான்கு மடங்காகும்! வாளி நீரில் உள்ளங்கையை மெதுவாகவும் விரைவாகவும் அசைத்துப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். கீழே தொங்கும் உருளையும் இந்த இழுப்பைக் கூட்டுகிறது. வேர்களில் போய் மாட்டவும் செய்கிறது. ஒன்றில் லாபம் என்றால் மற்றொன்றில் நட்டம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். சாய்ந்த மரத்தின் கிளையில் மிதவை சிக்கி நிற்கிறது. கயிற்றின் மறுமுனை மனிதரின் இடுப்பில் கட்டியிருக்கிறது. அந்தக் கணமே அவர் தடுக்கி நின்ற இலை ஆகிவிடுகிறார். உடல் நீரோட்டத்துக்குக் குறுக்காகத் திரும்பினால் ஏறக்குறைய 25 கிலோ எடையளவு விசை அவரைத் தள்ளும். முடிச்சை அவிழ்க்க முன்னேறி நீந்தவும் முடியாது, பின்வாங்கவும் முடியாது. இரண்டாவது கை உதவிக்கு அங்கே இல்லை.

ஆகையால் என்னைக் கேட்டால், மிதவை எவ்வளவு சுமக்கும் என்பதைப் பிறகு பார்க்கலாம். எதிலும் மாட்டாத வழவழப்பான உருவமும் கயிற்றின் அமைப்பும்தான் முதலில். கயிறு கையில் இருக்கவேண்டும், உடலில் கட்டக்கூடாது. 6 மீட்டர் ஆழத்துக்கு 8, 9 மீட்டர் கயிறு போதும். மிகுதியைச் சுருளில் சுற்றி வைக்கவேண்டும், இல்லையேல் அதுவே காலில் சிக்கும். கொக்கி வைத்தே தீரவேண்டுமானால் முழு இழுப்பிலும் ஒரு கையால் திறக்கும் கொக்கியாக இருக்கட்டும்.

விட்டுவிட்டால் மிதவை போய்விடாதா? எங்கும் சிக்காத மிதவை அதே நீரில்தானே போகிறது, சற்று முன்னால் போய்க்கொண்டிருக்கும். சிக்கிய மிதவையோ குடிநீரோடும் கொடியோடும் மரத்திலேயே நின்றுவிடும். கொடியில்லாத முக்குளிப்பவர் படகுகள் போகும் நடு ஆற்றில் தலைதூக்காமல், கரையோரமாக ஒதுங்கி மேலே வரவேண்டும். இதனால்தான் கயிறு அறுக்கும் கத்தியையும் விசிலையும் மிதவையில் வைப்பதில்லை, உடலிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.