பத்தரை மாற்றும் பத்துப் புள்ளியும்

கோட்டுச்சேரிமேடு, காரைக்கால் மாவட்டத்துக் கடலோர மீனவ ஊர். ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகுகள் நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கையிருப்பு கரைந்துபோயிருக்கும் அந்த வேளையில்தான் கல்லூரிக் கட்டணமும் வாசலில் வந்து நிற்கும். கழுத்தில் கிடப்பது அடகுக்கடைக்குப் போகும். கடைக்காரர் நகையை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுப்பார். கருங்கல்லில் விழுந்த பொன்கோட்டின் மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டு நிறத்தைப் பார்ப்பார். பிறகு தராசில் வைப்பார். அவருக்குத் தெரிய வேண்டியவை இரண்டுதான்: எத்தனை மாற்று, எவ்வளவு எடை.

அப்படிக் கட்டணம் கட்டிய ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். செமஸ்டர் முடிவு வந்த அன்று மகன் கைப்பேசியை நீட்டி, "எட்டரை வந்திருக்கும்மா" என்கிறான். "நூத்துக்கு எவ்வளவுப்பா?" என்று கேட்கிறார் தாய். மகனுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பல பட்டதாரிகளுக்கும் வராது. ஆனால் அந்த எட்டரைக்குள் இருக்கும் கணக்கு, அந்தத் தாய்க்கு அடகுக்கடையிலேயே பழக்கமான கணக்கு.

மகனின் முதல் செமஸ்டரை ஓர் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வோம். கணிதம் 4 கிரெடிட், அதில் அவன் பெற்றது பத்துக்கு 8 புள்ளி. இயற்பியலும் 4 கிரெடிட், புள்ளி 7. நிரலாக்கம் 3 கிரெடிட், புள்ளி 10. ஆங்கிலம் 2 கிரெடிட், புள்ளி 9. பணிமனை 2 கிரெடிட், புள்ளி 9. இயற்பியல் ஆய்வகம் 1 கிரெடிட், புள்ளி 10.

ஆறு புள்ளிகளையும் கூட்டி ஆறால் வகுத்தால் 8.83 வருகிறது. மதிப்பெண் பட்டியலிலோ 8.5 என்று இருக்கிறது. எது சரி? பட்டியல்தான் சரி. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்க வேண்டும்: 32, 28, 30, 18, 18, 10. கூட்டினால் 136. கிரெடிட்டுகளின் கூட்டுத்தொகை 16. 136-ஐ 16-ஆல் வகுத்தால் 8.5. இதுதான் ஜி.பி.ஏ.

இதைப் பொன்னாகப் பாருங்கள். ஆறு துண்டுப் பொன். கிரெடிட் என்பது துண்டின் எடை. புள்ளி என்பது அதன் மாற்று. ஆறையும் ஒரே குகையில் (உருக்கும் கிண்ணத்தில்) இட்டு உருக்கினால் கிடைக்கும் கட்டியின் மாற்று என்ன? அதுதான் எட்டரை. கனமான இரண்டு துண்டுகள், கணிதமும் இயற்பியலும், மாற்றில் சற்றுக் குறைந்தவை. அதனால்தான் கட்டியின் மாற்று 8.83-லிருந்து இறங்கி நின்றது.

இந்த ஒப்புமை நான் புதிதாகக் கட்டியது இல்லை. பாஸ்கராச்சாரியார் 1150-இல் எழுதிய 'லீலாவதி'யில் பொன் கணக்குக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு துண்டின் எடையையும் அதன் வர்ணத்தால், அதாவது மாற்றால், பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுக்கச் சொல்கிறார். அவர் தரும் கணக்கில் 10, 4, 2, 4 மாஷம் எடையுள்ள நான்கு துண்டுகள். அவற்றின் வர்ணம் முறையே 13, 12, 11, 10. பெருக்கிக் கூட்டினால் 240. மொத்த எடை 20. உருக்கிய பொன் 12 வர்ணம். இன்று பல்கலைக்கழக மானியக் குழு தரும் ஜி.பி.ஏ. சூத்திரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயர்கள்தான் வேறு, கணக்கு அதுவேதான். தமிழில் சுத்தத் தங்கத்தைப் 'பத்தரை மாற்று' என்கிறோம். கல்லூரி பத்தோடு நிறுத்திக்கொண்டது.

சரி, பாடத்துக்கு எடை எங்கிருந்து வந்தது? நேரத்திலிருந்து. வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால் அது ஒரு கிரெடிட். ஆய்வகம் என்றால் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். காரைக்காலின் செருமாவிலங்கையில் உள்ள வேளாண் கல்லூரியைப் போன்ற இடங்களில் பாடத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே '2+1' என்று எழுதியிருக்கும். இரண்டு கிரெடிட் வகுப்பறை, ஒரு கிரெடிட் செய்முறை என்று பொருள். வயலில் நின்ற நேரமும் எடையில் சேர்கிறது.

படிப்பை நேரத்தால் அளக்கும் வழக்கத்துக்குப் பின்னால் ஓய்வூதியக் கதை ஒன்று இருக்கிறது. 1905-இல் அமெரிக்கச் செல்வந்தர் ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். எந்தக் கல்லூரிக்குக் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. முறையான பள்ளிப்படிப்பை முடித்தவர்களைச் சேர்க்கும் கல்லூரிக்கு என்று முடிவானது. அப்படியானால் பள்ளிப்படிப்பை அளக்க ஓர் அலகு வேண்டுமே! ஒரு பாடத்தை ஓராண்டில் சுமார் 120 மணி நேரம் படித்தால் ஓர் அலகு என்று வகுத்தார்கள். ஆசிரியர்களின் முதுமைக்காகப் பிறந்த அந்த அளவுகோலின் வழித்தோன்றல்தான் இன்று நம் பிள்ளைகளின் பட்டியலில் கிரெடிட்டாக நிற்கிறது.

எடை இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் உழைப்பை எங்கே வைப்பது என்பதும் தெரியும். மேலே சொன்ன மகன் கணிதத்தில் 8-க்குப் பதில் 9 வாங்கியிருந்தால் ஜி.பி.ஏ. 0.25 கூடியிருக்கும். ஒரு கிரெடிட் ஆய்வகத்தில் ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் மாற்றம் 0.06-தான்.

செமஸ்டர்களைச் சேர்த்து சி.ஜி.பி.ஏ. போடும்போது பலர் தடுக்கி விழுவார்கள். ஒரு செமஸ்டரில் 24 கிரெடிட்டுக்கு 6.5, அடுத்ததில் 16 கிரெடிட்டுக்கு 8.5. இரண்டுக்கும் நடுவே 7.5 என்று மனம் சொல்லும். உருக்கிப் பார்த்தால் 7.3-தான். பெரிய துண்டு தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. முதலாண்டு மாணவர்களிடம் நான் தவறாமல் சொல்வது இது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏ.ஐ.சி.டி.இ.) 2018 மாதிரிப் பாடத்திட்டப்படி பி.டெக். படிப்புக்கு 160 கிரெடிட். முதல் செமஸ்டரில் 20 கிரெடிட்டுக்கு 7 வாங்கியவர் அடுத்த 20-க்கு 9 வாங்கினால் சி.ஜி.பி.ஏ. 7-லிருந்து 8-க்குத் தாவும். அதே 9-ஐக் கடைசிச் செமஸ்டரில் வாங்கினால், அதற்குள் 140 கிரெடிட்டுக்கு 7 என்று கட்டி இறுகிவிட்டிருக்கும், 7.25-க்குத்தான் போகும். பெரிய கட்டியில் சிறிய நல்ல துண்டைச் சேர்த்தால் மாற்று அசைவதே தெரியாது. கடைசி ஆண்டில் எவ்வளவு படித்தும் எண் ஏறவில்லையே என்று தங்களையே நொந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர்களுடைய உழைப்பில் குறையில்லை, கட்டி கனத்துவிட்டது.

உரைகல்லுக்கு ஓர் எல்லை உண்டு. மாற்றுத் தெரிந்த மாதிரி ஆணியால் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, எந்த ஆணியோடு நிறம் ஒத்துப்போகிறது என்று பார்ப்பார்கள். இரண்டு ஆணிகளுக்கு நடுவே இருப்பது கண்ணுக்குப் பிடிபடாது. கிரேடும் அப்படித்தான். 71 முதல் 80 வரை 8 புள்ளி, 81 முதல் 90 வரை 9, 91 முதல் 100 வரை 10 என்பது பொறியியல் மாணவர்கள் பலருக்குப் பழகிய படிக்கட்டு. சம கிரெடிட் உள்ள மூன்று பாடங்களில் ஒருத்தி 71, 81, 91 வாங்குகிறாள். புள்ளிகள் 8, 9, 10, ஜி.பி.ஏ. 9. அவள் தோழி 80, 90, 90 வாங்குகிறாள். 17 மதிப்பெண் கூடுதல். ஆனால் புள்ளிகள் 8, 9, 9, ஜி.பி.ஏ. 8.67. அதிகம் வாங்கியவள் பின்னால் நிற்கிறாள். யாரும் தப்புச் செய்யவில்லை. ஒருத்தியின் மதிப்பெண்கள் படியின் தொடக்கத்தில் விழுந்தன, மற்றவளுடையவை படியின் விளிம்பில். அதனால் 8.9-க்கும் 9-க்கும் நடுவே ஒரு பிள்ளையின் வாழ்க்கையைப் பிரித்துப் போடுவது நியாயமே ஆகாது.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்: நூற்றுக்கு எவ்வளவு? பொன்னுக்கும் பல அளவுகள் உண்டு. பாஸ்கரர் காலத்தில் சுத்தப் பொன் பதினாறு வர்ணம். நம் தட்டார்களுக்குப் பத்தரை மாற்று. இன்றைய கடையில் 24 காரட். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது எளிது, உலோகம் ஒன்றேதான். மதிப்பெண்ணில் அப்படி ஒரே விடை கிடையாது. தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் அட்டவணையில் 7.25 புள்ளிக்கு 65 சதவீதம், 8.25-க்கு 75. அண்ணா பல்கலைக்கழக வழக்கப்படி பத்தால் பெருக்கினால் அதே 7.25-க்கு 72.5. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் முன்பு 9.5-ஆல் பெருக்கச் சொன்னார்கள். முந்தைய ஆண்டுகளில் 91-க்கு மேல் வாங்கியவர்களின் சராசரி 95-ஐ ஒட்டி வந்ததை வைத்துப் பிறந்த எண் அது. ஆகவே உங்கள் கல்லூரி தன் விதிமுறையில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே விண்ணப்பத்தில் போட வேண்டும். விதி அச்சிட்ட பக்கத்தையும் கூடவே இணைத்துவிடுவது நல்லது.

கோட்டுச்சேரிமேட்டுக்குக் கொஞ்சம் வடக்கே, திருவேட்டக்குடியில், 2010-இல் தொடங்கிய புதுச்சேரி என்.ஐ.டி. இருக்கிறது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்து படிக்கிறார்கள். கடற்கரை வீடுகளிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும் அதே பத்துப் புள்ளியில்தான் அளக்கப்படுகிறார்கள். அளவுகோல் புரியாதவர்களுக்கு அது தலைவிதி மாதிரி தெரியும். புரிந்தவர்களுக்கு அது ஒரு கணக்கு.

உருக்கிய கட்டியைப் பார்த்து எந்தத் துண்டு சொக்கப்பொன், எது கலப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் மதிப்பெண் பட்டியலில் உருக்குவதற்கு முந்தைய துண்டுகளும் வரிசையாக இருக்கின்றன. அதனால் கடைசி வரியை மட்டும் வீட்டில் காட்டாதீர்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இது எடை, இது மாற்று" என்று ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுங்கள். மூன்றாவது வரிக்குள் அவர் பிடித்துக்கொள்வார். நகையைப் பார்க்கும் அதே கூர்மையோடு விரலை இயற்பியலில் வைத்துச் சொல்வார்: "கனமான துண்டுல மாத்து கொறஞ்சிருக்கேப்பா. அடுத்த தடவ இதைப் பாரு."